முக்கொம்புச் சரிவில் ஒரு நிமிஷம்

அன்புள்ள செந்திலுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எதையும் கூட்டவோ குறைக்கவோ மாட்டேன். இது உனக்காக இன்று யோசித்த வாக்கியம் அல்ல. ஸ்ரீரங்கத்தில் ஒன்பதாம் வகுப்பு படித்தபோது நான் வைத்திருந்த நீல அட்டை நோட்டில், ஓர் ஆடிப்பெருக்கு அன்று சாயங்காலம், இதே வரியை எழுதிவிட்டுத்தான் மேலே எழுதத் தொடங்கினேன். அந்த நோட்டு இப்போது என் மடியில் இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு அதையும் உன் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைக்கப் போகிறேன். நாளைக் காலை நீயும் உன் மனைவியும் தூத்துக்குடிக்கு ரயில் ஏறிவிடுவீர்கள். உன் கல்யாண வீட்டில் இத்தனை ஆட்களுக்கு நடுவே உன்னோடு தனியாகப் பேச முடியவில்லை. முடிந்திருந்தாலும் எனக்கு வாயால் சொல்ல வந்திருக்காது. சின்ன வயதிலிருந்தே எனக்கு எழுதினால்தான் எதுவும் நேராக வரும்.

நேற்று மாடிப்படியில் நீ உன் சிநேகிதனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கவில்லை, வாழை இலைக் கட்டு எடுக்க வந்தேன். வேலை இடத்தில் ஏதோ ஓர் அளவை நீ தப்பாக எழுதிக் கொடுத்துவிட்டாய். அதன்படியே செய்த ஃபிட்டர் மேல் பழி விழுந்திருக்கிறது. "யாரும் கண்டுபிடிக்கலை, அப்படியே அமுங்கிடும்" என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு உன் சிரிப்பு மாதிரி இல்லை. உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டுகிற தகுதி எனக்கு இல்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன். தாத்தாவின் படகை ஆற்றில் இறக்கிய கதையை நீ எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். உன் அத்தை சொல்லியிருக்கிறாள், மாமா சொல்லியிருக்கிறார், நானே உன்னைத் தூங்க வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒரு வார்த்தை பொய். அந்த இடம் வரும்போது எது என்று சொல்கிறேன். அதுவரை, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து, முதலிலிருந்து சொல்ல விடு.

உன் தாத்தாவுக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. ரயில்வே வேலையை விட்டுவிட்டு அரியமங்கலத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டிருந்தார். தினமும் ஸ்ரீரங்கத்திலிருந்து பாலம் தாண்டி சைக்கிளில் போவார். வெல்டிங் புள்ளி விழுந்த சட்டையோடு திரும்பி வருவார். அந்தக் கொட்டகையில் அவரும் சவரிமுத்து ஆசாரியும் சேர்ந்து இரண்டு வருஷம் ஒரே ஒரு பொருளைச் செய்தார்கள்: ஒரு படகு, அதைத் தூக்கிக்கொண்டு போக ஒரு டிரெய்லர். படகு ஆசாரியுடையது. பலகைக்குப் பலகை நடுவே நூல் திணித்துக் குங்கிலியம் பூசி, தண்ணீர் ஊற்றிப் பார்த்து, ஒரு சொட்டு கசிந்தாலும் அந்தப் பலகையையே கழற்றிவிடுவார். டிரெய்லர் என் அப்பாவுடையது. பழைய ஜீப்பின் அச்சில் இரும்புச் சட்டம் கட்டி, அதன் மூக்கில் கயிறு சுற்ற ஒரு உருளையும் கைப்பிடியும் வைத்திருந்தார். ஆற்றங்கரை உடைந்தது என்று சேதி வந்தால், மணல் மூட்டை ஏற்றிப் போய் உடைப்பை அடைக்க, எங்கேயோ ஒரு துறையில் கட்டிக் கிடக்கும் படகு வந்து சேர்வதற்குள் பயிர் போய்விடும். அப்பாவின் படகு ரோட்டிலேயே ஓடி வந்து, எந்தச் சரிவில் வேண்டுமானாலும் இறங்கி, வேலை முடிந்ததும் மறுபடி டிரெய்லரில் ஏறி அடுத்த ஊருக்குப் போகும். அவர் இதைச் சொல்லும்போது கைகள் இரண்டும் ஆறு மாதிரி அசையும். கேட்பவர்களோ சுவரைப் பார்ப்பார்கள்.

பெரியப்பா மட்டும் அப்பாவையே பார்த்துச் சிரிப்பார். அவருக்கு ரைஸ் மில் இருந்தது. வீட்டுக்கு வரும்போதெல்லாம், "டேய், மில்லுல ஒரு நாற்காலி காலியாத்தான் கெடக்கு. உன் கப்பல் கரை சேர்ந்ததும் வந்து உக்காந்துக்க" என்பார். அந்த நாற்காலி எங்கள் வீட்டில் ஒரு ஆள் மாதிரி நடமாடியது. கடைசியில் ஓர் இன்ஜினியர் பார்க்க ஒப்புக்கொண்டார். ஆற்றுக் கரைகளைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு அவருக்கு. "சரிவுக்கு வண்டி வந்த நேரத்துலேர்ந்து அரை மணி. அதுக்குள்ள இறக்கி, மறுபடி ஏத்திக் காட்டுங்க. முடிஞ்சா இந்த வெள்ளத்துக்கே உங்க படகுதான். முடியலைன்னா என்னை மறந்துடுங்க" என்றார். அவருடைய ஜீப்பையும் டிரைவர் முத்தையா அண்ணனையும் அன்றைக்குக் கொடுத்தார். முடியவில்லை என்றால் கொட்டகையைப் பூட்டிவிட்டு மில்லுக்குப் போய்விடுவதாக அப்பா அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டுவிட்டேன். (பார், அப்போதும் என் காதில்தான் விழுந்தது.)

நாள் குறித்தது என் அம்மா. "ஆத்துக்கே விசேஷம் அன்னிக்கு. அன்னிக்கு இறக்காம வேற என்னிக்கு இறக்குறது?" என்றாள். ஆடிப்பெருக்கு அன்று ஜில்லாவே ஆற்றங்கரையில்தான் இருக்கும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அம்மாவிடம் யார் சொல்வது?

எனக்கும் ஒரு உத்தியோகம் கொடுத்தார்கள். நான் எதையும் எழுதி வைக்கிற பெண். பள்ளிக்கூட லைப்ரரியில் படகுப் படம் இருந்த ஒரே புத்தகத்தை மூன்று தடவை எடுத்துப் படித்திருந்தேன். அதனால் அப்பா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டி, "நேரம் பாக்குறதும், எல்லாம் இருக்கான்னு சரிபார்க்கறதும் உன் வேலை" என்றார். பதினேழு சாமான்கள் கொண்ட பட்டியல் ஒன்று போட்டேன். கயிறு, துடுப்பு, கிரீஸ் டப்பா என்று ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு கட்டம். பதினேழும் சரி என்று குறியிட்டுவிட்டுத்தான் முதல் நாள் படுத்தேன். படகின் பின்பக்கம் அடியில் ஒரு ஓட்டை உண்டு; உள்ளே சேரும் தண்ணீரை வடிப்பதற்கு. அதை மூடுகிற பித்தளைத் திருகும் அந்தப் பட்டியலில் இருந்தது, குறியும் இருந்தது.

காலையில் கொட்டகையில் பூஜை. அம்மா ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைப் படகின் தலையில் ஊற்றினாள். ஆசாரியின் மனைவி கோயிலிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்த தீர்த்தத்தை, "எங்க மாதாவும் பாத்துக்கட்டும்" என்று தெளிக்க ஆரம்பித்து முழுப் பாட்டிலையும் கவிழ்த்தாள். பக்கத்துப் பட்டறைக்காரர், கொல்லர், டீக்கடைக்காரர் என்று ஒவ்வொருவரும் ஆளுக்கொரு செம்பு காவிரித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். யாரையும் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. எல்லோரும் ஊற்றி முடித்தபோது, ஆற்றைப் பார்க்காத படகுக்குள் கணுக்கால் அளவு ஆறு நின்றது. பூ வேறு மிதந்தது. அதை வடிக்க நான்தான் திருகைக் கழற்றினேன். தண்ணீர் மெல்ல ஒழுகியது. முத்தையா அண்ணன் ஹாரன் அடித்தார். தொலைந்துவிடக் கூடாதே என்று பத்திரமாகத் திருகை என் ஜாமெட்ரி பாக்ஸில், காம்பஸுக்குப் பக்கத்தில் வைத்தேன். பட்டியலில்தான் ஏற்கெனவே குறி போட்டாயிற்றே, மறுபடி பார்க்கவில்லை. அரியமங்கலத்திலிருந்து திருச்சி ஜங்ஷன் வரை ரோட்டில் எங்களுக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு ஈரக்கோடு வந்தது. ஜீப்பில் பின்பக்கம் உட்கார்ந்து அதைப் பார்த்து ரசித்துக்கொண்டே போனேன்.

ஜீயபுரம் தாண்டி, முக்கொம்புக்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் சரிவு. கல் பாவி, மாட்டு வண்டிகள் ஆற்றுக்குள் இறங்குவதற்காகப் போட்டது. அன்றைக்கு அங்கே மனிதர்களும் மாடுகளும் தவிரக் கல்லே கண்ணில் படவில்லை. சித்ரான்னக் கூடைகளோடு வண்டிகள், காதோலை கருகமணி வைத்துக் கும்பிடும் பெண்கள், தாலிக்கயிறு மாற்றிக்கொள்ள வந்த புதுப்பெண்கள், சின்னத் தேர் மாதிரி சப்பரத்தை உருட்டிக்கொண்டு ஓடும் குழந்தைகள், எருமைகளைக் குளிப்பாட்டும் ஒரு அம்மாள். இன்ஜினியர் குடையைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்றார். அவருக்குப் பத்தடி தள்ளி, ஜமுக்காளம் விரித்து, குடும்பத்தோடு புளியோதரை சாப்பிட்டுக்கொண்டு பெரியப்பா. "பாத்துட்டுப் போகலாம்னு வந்தோம்டா. வேடிக்கைக்கு டிக்கெட் இல்லையே?" என்றார்.

இன்ஜினியர் கையை உயர்த்தினார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முத்தையா அண்ணன் ஜீப்பைத் திருப்பி, டிரெய்லரைத் தண்ணீர்ப் பக்கம் வைத்து, பின்னால் தள்ளினார். டிரெய்லர் நேராகப் போகாமல் ஒரு பக்கமாக மடங்கியது. முன்னால் எடுத்தார், மறுபடி தள்ளினார். இந்தத் தடவை அந்தப் பக்கம் மடங்கி, ஒரு வண்டியின் சக்கரத்தில் போய் உட்கார்ந்தது. வண்டிக்காரர் கத்தினார். பின்னால் வந்த வண்டிகள் நின்றன. மாடுகள் மிரண்டன. எருமைக்கார அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏங்க டிரைவரு, என் எருமைகூட பின்னாடியே நடக்கும். காட்டட்டுங்களா?" என்றாள். சரிவு முழுக்கச் சிரித்தது. ஆறு தடவை. ஒன்பது நிமிஷம். முத்தையா அண்ணனின் கழுத்து வேர்வையில் பளபளத்தது. அப்பா பக்கத்தில் ஓடி ஓடி, "லெஃப்ட், லெஃப்ட்! இல்லை, ரைட்!" என்று சொல்லச் சொல்ல நிலைமை மோசமானது.

செந்தில், அந்த ஒன்பது நிமிஷத்தில் எல்லோரும் ஜீப்பைப் பார்த்தார்கள். நான் குழந்தைகளைப் பார்த்தேன். ஒரு குழந்தை தன் சப்பரத்தை முன்னால் இழுக்காமல், குச்சியால் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. குச்சியை வலது பக்கம் தள்ளினால் சப்பரத்தின் வால் இடது பக்கம் போயிற்று. அதைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு ஜீப்புக்கு ஓடினேன். "பாப்பா, தள்ளிப் போ. பதினஞ்சு வருஷம் லாரி ஓட்டினவன் நான். எனக்கு ரிவர்ஸ் சொல்லித் தர்றியா?" என்றார் முத்தையா அண்ணன். "லாரிக்கு இடுப்பு இல்லைங்கண்ணே. இதுக்கு இடுப்பு இருக்கு. அங்கதான் மடங்குது" என்று சொல்லி, ஜீப்பின் பானெட் மேல் சப்பரத்தை வைத்துத் தள்ளிக் காட்டினேன். பார்த்தார். இன்னொரு தடவை காட்டச் சொன்னார். பிறகு ஸ்டியரிங்கின் மேலே இருந்த கையை எடுத்து அடியில் பிடித்துக்கொண்டார். "கீழ பிடிச்சா, கை எந்தப் பக்கம் போகுதோ வாலும் அந்தப் பக்கமே போகும்ல?" என்றார். எனக்கே அது தோன்றவில்லை. மனிதர் ஒரே மூச்சில் கண்டுபிடித்துவிட்டார்! டிரெய்லர் நூல் பிடித்த மாதிரி சரிவில் இறங்கியது. சக்கரம் முங்கியது. ஆசாரி கயிற்றை அவிழ்த்தார். படகு ஒரு குலுக்கலோடு டிரெய்லரை விட்டு எழும்பி மிதந்தது. எங்களைப் பார்த்துச் சிரித்த அதே கூட்டம் குலவை போட்டது. என் அம்மா அழுதாள். நோட்டில் இந்த இடத்தில் மை கொட்டியிருக்கிறது. சந்தோஷத்தில் பேனாவை உதறியிருக்கிறேன்.

இனிமேல்தான் நீ கவனமாகப் படிக்க வேண்டிய இடம். இன்ஜினியர் வேட்டியைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு படகில் ஏற ஒரு காலை உள்ளே வைத்தார். வைத்த காலை எடுத்தார். "என்ன ஆசாரி, உள்ளே தண்ணி ஏறுதே?" என்றார். படகுக்குள் நின்ற ஆசாரி குனிந்தார். பலகை இணைப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். தண்ணீர் அவருடைய பாதத்தை மூடியது. கரையிலிருந்து பெரியப்பா, "ஆசாரி, படகு செஞ்சீங்களா, ஜல்லடை செஞ்சீங்களா?" என்று கேட்டார். சிரிப்பு. அப்பா ஆசாரியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு கேள்வி இருந்தது. இரண்டு வருஷத்தில் அப்பா அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. "பலகைதான் எங்கயோ விட்டிருக்கு" என்றார் இன்ஜினியர். ஆசாரி நிமிரவில்லை. நான் நேரத்தைக் குறித்துக்கொள்ளப் பென்சில் எடுக்க ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்தேன். காம்பஸுக்குப் பக்கத்தில் பித்தளைத் திருகு மின்னியது.

நோட்டில் நான் எழுதியிருப்பது இதுதான்: "திருகைப் பார்த்ததும் உடனே கத்தினேன்." நீ கேட்ட கதையும் இதுதான். அந்த "உடனே" பொய். நான் உடனே கத்தவில்லை. பெட்டியை மூடினேன். கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால்தான் எவ்வளவு நேரம் என்று எனக்குச் சரியாகத் தெரியும். வினாடி முள் ஒரு முழுச் சுற்று சுற்றியது. அந்தச் சுற்றில் நான் நினைத்தவை எல்லாம் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கின்றன. சொன்னால் அப்பாவின் மானம் போகும் என்று முதலில் நினைத்தேன். அது நல்ல காரணமாகத் தெரிந்தது. பிறகு, ஓட்டை எப்படியோ அடைபட்டுவிடும் என்று நினைத்தேன். பிறகு, எல்லோரும்தான் ஆசாரி என்று முடிவு செய்துவிட்டார்களே, அவர் பெரியவர், தாங்கிக்கொள்வார் என்றும் நினைத்தேன். இதைத்தான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. ஒருவருக்கு மட்டும் சொன்னேன், அதைப் பின்னால் எழுதுகிறேன். வினாடி முள் சுற்றி முடிந்த நேரத்தில் ஆசாரி தலையிலிருந்த துண்டை எடுத்து ஒரு பலகை இடுக்கில் திணிக்கப் பார்த்தார். அவர் செய்த வேலையில் இல்லாத ஓட்டையைத் தன் துண்டால் அடைக்கப் பார்த்தார். அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"ஆசாரி மேல தப்பு இல்லை! நான்தான் திருகைக் கழட்டினேன்! என்கிட்டதான் இருக்கு!" என்று கத்திக்கொண்டு பாவாடையோடு தண்ணீரில் இறங்கினேன். கூட்டத்தில் யாருக்கும் முதலில் புரியவில்லை. திருகைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். ஆசாரி நிமிர்ந்தார். அப்பாவின் முகத்தில் கோபம் வரும் என்று பார்த்தேன். ஆனால் இரண்டு வருஷமாகத் தூக்கிக்கொண்டு நின்ற மூட்டையை இறக்கினது போல அவர் மூச்சு விட்டார். "பலகை இல்லையா! திருகுதானா!" என்று சிரித்தேவிட்டார். பிறகு, "எத்தனை நிமிஷம் ஆச்சு?" என்று கேட்டார். "பதினேழு" என்றேன். "பதிமூணு மிச்சம் இருக்கு. தண்ணியோடயே ஏத்திடலாம், வாங்க!"

பாதி நிரம்பிய படகைக் கைப்பிடியைச் சுற்றி இழுத்துப் பார்த்தார்கள். உருளை அசையவில்லை. கயிறு விறைத்து முனகியது. அப்பா, "இழுக்காதீங்க! முத்தையாண்ணே, வண்டியை இன்னும் உள்ள இறக்குங்க. டிரெய்லர் படகுக்கு அடியில போகட்டும். தண்ணியே தூக்கி வெச்சுக் கொடுக்கும்" என்றார். என் விஞ்ஞானப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்த விஷயத்தை அப்பா இரண்டு வாக்கியத்தில் சொல்லி முடித்தார். முத்தையா அண்ணன் ஸ்டியரிங்கை அடியில் பிடித்தபடி இறங்கினார், ஜீப்பின் பின்சக்கரமே நனைகிற அளவுக்கு. டிரெய்லர் முங்கிக் காணாமல் போனது. ஆசாரியும் அப்பாவும் கழுத்தளவு தண்ணீரில் நின்று படகின் மூக்கை, டிரெய்லரிலிருந்து தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே நுழைத்தார்கள். கயிறு தளர்ந்தது. உருளை இப்போது சுற்றியது. "எடுங்க!"

ஜீப் உறுமியது. பாசி பிடித்த கல்லில் சக்கரம் வழுக்கிச் சுற்றியதே தவிர ஏறவில்லை. அப்போதுதான், நாங்கள் வழியை மறித்துவிட்டோம் என்று கத்திக்கொண்டிருந்த வண்டிக்காரர், தன் வண்டியிலிருந்த வைக்கோலை இரண்டு கையாலும் அள்ளிச் சக்கரத்துக்கு அடியில் போட்டார். "போடுங்கய்யா! பொழுதன்னைக்கும் இவங்களையே பாத்துட்டு நிக்கிறதா?" என்றார். எருமைக்கார அம்மாள் தன் பங்கு புல்லுக்கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு, "டிரைவரு, இப்ப வாங்க பாப்போம்!" என்றாள். சக்கரம் பற்றியது. ஜீப் ஓரடி ஏறியது, ஈரடி ஏறியது. டிரெய்லர் தண்ணீரை விட்டு வெளியே வந்தது, அதன் மேல் படகு. படகின் அடியிலிருந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் வில்லாக வளைந்து பீய்ச்சி அடித்தது. குழந்தைகள் அதற்கு அடியில் ஓடிக் குளித்தார்கள். சப்பரத்தின் சொந்தக்காரக் குழந்தை சப்பரத்தையும் குளிப்பாட்டியது. சரிவின் உச்சியில் ஜீப் நின்றதும் நான் கடிகாரத்தைப் பார்த்து, வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற குரலில், "இருபத்தெட்டு!" என்றேன்.

இன்ஜினியர் தன் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டார். படகைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு பலகை இணைப்பையும் கையால் தடவினார். எல்லாம் கெட்டியாக இருந்தன. எல்லோர் முன்னாலும் ஆசாரியிடம், "பலகைன்னு சொல்லிட்டேன். தப்பு என் பேர்ல. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். பிறகு அப்பாவிடம், "காலிப் படகை ஏத்துவீங்களான்னு பாக்க வந்தேன். நீங்க தண்ணி நிரம்பினதையே ஏத்திட்டீங்க. இன்னொரு தடவை இறக்குங்க. இந்தத் தடவை நான் உள்ளயே உக்காந்துட்டு வரேன்" என்றார். குடையை மடக்கி என்னிடம் கொடுத்தார். "அம்மாடி, அந்தத் திருகு?" என்று கேட்டார். ஆசாரி என்னைத் தூக்கிவிட்டார். நானே அதை ஓட்டையில் வைத்து, கை வலிக்கத் திருகி மூடினேன். மூடிவிட்டு இழுத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு மறுபடி இழுத்துப் பார்த்தேன்.

இரண்டாம் தடவை நான்கு நிமிஷம். வண்டிக்காரர்கள் தாங்களாகவே வழி விட்டார்கள். இன்ஜினியர் படகில் ராஜா மாதிரி உட்கார்ந்து இறங்கினார். ஒரு சொட்டு ஏறவில்லை. அப்பா துடுப்புப் போட்டு காவிரியில் பெரிய வட்டம் அடித்துக்கொண்டு வந்தபோது, கரையில் பெரியப்பா புளியோதரைக் கையோடு எழுந்து நின்று, "டேய், எனக்கு ஒரு இடம் இருக்குமாடா?" என்று கத்தினார். அப்பா துடுப்பை நிறுத்தாமல், "வாங்கண்ணே! இங்க ஒரு நாற்காலி காலியாத்தான் கெடக்கு!" என்றார். அந்த வருஷத்து வெள்ளத்துக்கு அந்தப் படகு போயிற்று. அடுத்த வருஷம் இன்னும் மூன்று. கொட்டகையை அப்பா பூட்டவே இல்லை. அதன் பிறகு அங்கே செய்த ஒவ்வொரு படகிலும் திருகு ஒரு சின்னச் சங்கிலியில் படகோடு சேர்ந்தே தொங்கும். யாராலும் ஜாமெட்ரி பாக்ஸில் எடுத்துப் போக முடியாது. பட்டறையில் அதற்குப் பெயர் 'பாப்பா சங்கிலி'. எங்கேயாவது அதைப் பார்த்தால் உனக்குப் பெருமையாக இருக்கட்டும். எனக்கு இருக்கிறது.

ஒருவருக்குச் சொன்னேன் என்றேனே. பத்து வருஷம் கழித்து என் கல்யாணத்துக்கு ஆசாரி வந்தார். தலை நரைத்திருந்தது. வெற்றிலைத் தட்டை நீட்டிக்கொண்டே, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி அந்த ஒரு நிமிஷத்தைச் சொல்லிவிட்டேன். "போகட்டும் விடு பாப்பா" என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, நிதானமாக மடித்தார். "நீ பொட்டியைத் தொறந்து மூடினதைப் பாத்தேன் பாப்பா. என்ன இருந்துச்சுன்னு தெரியலை. உனக்கு அது ஒரு நிமிஷம். எனக்கு அன்னிக்கு அரை நாள் மாதிரி இருந்துச்சு" என்றார். பிறகு சிரித்தார், நிஜமான சிரிப்பு. "ஆனா கத்தினே பாரு, ஆத்துக்கு அந்தக் கரை வரைக்கும் கேட்டுச்சு. அதுலயே எனக்கு எல்லாம் தீர்ந்துபோச்சு." வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டு பந்தியில் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டார்.

அவ்வளவுதான் எனக்குத் தெரியும், செந்தில். சொல்லிவிட்டால் வேலை போய்விடுமோ என்று உனக்குப் பயமாக இருக்கலாம். எனக்கும் அன்றைக்கு எல்லாமே போய்விடும் என்றுதான் தோன்றியது. போனது ஒன்றும் இல்லை. இன்றுவரை என் வாழ்க்கையில் நான் சத்தமாக ஜெயித்தது அந்த ஒரு நாள்தான், அதுவும் தப்பைக் கத்திச் சொன்ன பிறகுதான். உன் நிமிஷம் என்னுடையதைவிட நீண்டுவிட்டது. பரவாயில்லை. அந்த ஃபிட்டருக்கு அது எவ்வளவு நீளம் என்று மட்டும் யோசித்துக்கொண்டு ரயிலில் போ. உன் மனைவியிடமும் சொல். அவள் முகத்தைப் பார்த்தால் கத்துகிற பெண் மாதிரிதான் தெரிகிறது. எனக்கு அவளை அதனாலேயே பிடித்திருக்கிறது.

நோட்டின் கடைசி வரி, "அப்பா விளக்கை அணைத்துவிட்டார், அதனால் இத்துடன் நிறுத்துகிறேன்" என்று முடிகிறது. இப்போதுதான் அதன் நடுப்பக்கத்துக்குப் போய், "உடனே" என்பதை அடித்துவிட்டு, மேலே "ஒரு நிமிஷம் கழித்து" என்று எழுதினேன். மை காயட்டும் என்று நோட்டைத் திறந்தே வைத்திருக்கிறேன். கீழே உன் அப்பா யாரிடமோ, "விளக்கு போதும், அணைச்சிடுங்க" என்கிறார். வாசலில் கல்யாணச் சீரியல் விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

உன் அம்மா